எந்தப் பக்கத்துக் காது

ஜூன் 5, வியாழன்

காலையிலிருந்து தூறல். மழை என்றும் சொல்ல முடியாது, பனி என்றும் சொல்ல முடியாது. கொடியில் கிடக்கும் சுடிதார் இன்றைக்கும் ஈரம். அம்மா கொழுந்து பறிக்க மலைக்குக் கிளம்பும்போதே வானத்தைத் திட்டிக்கொண்டு போனார்.

வந்துவிட்டது! கண்டியில் மருத்துவ மாணவர்களுக்குப் புத்தகம் தயாரிக்கிற மெடத்திடமிருந்து ஈமெயில். விண்ணப்பம் போட்டவர்களில் மூன்று பேரைத் தெரிவு செய்திருக்கிறாராம். மூவருக்கும் ஒரே பரீட்சை. யார் படம் நன்றாக இருக்கிறதோ அவருக்கு வேலை. ஒரு வருடம், கண்டியில், முழுநேரமும் வரைகிற வேலை! பட்டம் வாங்கிய நாளிலிருந்து டியூஷன் வகுப்பில் தவளையை மட்டும் வரைந்து வரைந்து என் கைக்கே தவளை முகம் வந்துவிட்டது. கடவுளே, இதை மட்டும் தந்துவிடு.

பரீட்சை என்னவென்றால்: மனிதக் காதின் உட்பகுதி. இடது காது. அதை மேலிருந்து கீழாக மெல்லிய தாள் தாளாகச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடியில் ஒட்டி, நுணுக்குக்காட்டியில் படம் எடுத்திருக்கிறார்கள். அந்த வெட்டுப் படங்களைப் பார்த்து, சீவுவதற்கு முன்னால் அது முழுசாக எப்படி இருந்திருக்கும் என்று முப்பரிமாணமாக வரைய வேண்டும். பேனா, வெள்ளைத் தடித்த தாள், வெளிச்சம் மேல் இடப்பக்கத்திலிருந்து விழுகிற மாதிரி. அடுத்த வெள்ளிக்குள் அங்கே கையில் கிடைக்க வேண்டும்.

டவுனுக்கு நடந்து போய்ப் பிரிண்ட் எடுத்தேன். கடைக்காரப் பையன் ஒவ்வொரு தாளாக வெளியே வர வர எட்டிப் பார்த்து, "அக்கா, இது என்னக்கா, பாக்டீரியாவா?" என்றான். காது என்றேன். தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

வரும் வழியில் காலில் அட்டை. நல்ல சகுனம் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அப்பாவிடம் சொன்னேன். அவருடைய இடப்பக்கம் போய் உட்கார்ந்து சொல்ல வேண்டும். தேயிலை ஸ்டோரில், கொழுந்து அரைக்கிற ரோலர் மெஷின் பக்கத்திலேயே காலம் தள்ளியவர். வலது காது போய்விட்டது. இடது காதும் என் குரல் என்றால் கேட்கும், மற்றவர்கள் குரல் என்றால் பாதிதான்.

"காதையா வரைய சொல்றாங்க?"

"ஆமாங்கப்பா. உள்ளுக்க இருக்கிறத."

"எந்தக் காது?"

"இடது."

"அது நல்ல காதாச்சே. கெட்டுப்போனத வரைய சொல்லி இருந்தா, எங்க கோளாறுன்னு பாத்துருக்கலாம்."

ஜூன் 6, வெள்ளி

இன்றும் அதே தூறல். கரண்ட் இரண்டு தடவை போனது.

ஒவ்வொரு பிரிண்டின் மேலும் ட்ரேசிங் பேப்பர் வைத்து ஓரக்கோடு எடுக்கும் வேலை. ஒவ்வொரு படத்திலும் மெடம் இரண்டு குறி வைத்திருக்கிறார்: 'முன்' என்றால் மூக்குப் பக்கம், 'வெளி' என்றால் காது மடல் பக்கம். அந்தக் குறிகள் ஒன்றின்மேல் ஒன்று சரியாக விழ வேண்டும். கொஞ்சம் விலகினாலும் காது கோணிப்போகும்.

மதியம் வரை சுமுகம். அதன் பிறகு தலைவலி. முதல் சில தாள்களில் சும்மா ஒரு ஓட்டை. பிறகு திடீரென்று ஓட்டைகள் ஜோடி ஜோடியாக! இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. அடுத்த தாளில் இரண்டு காணாமல் போய், அதற்கடுத்ததில் ஒன்று பெருத்து. எத்தனை குழாய்தான் ஓடுகிறது இந்தக் காதுக்குள்ளே? ஆறு குழாய் என்று வரைந்து பார்த்தேன். மாட்டின் மடி மாதிரி வந்தது. கசக்கி எறிந்தேன்.

சாயந்தரம் ஜெசி வந்தாள். ஸ்கூலில் சித்திரப் பாட டீச்சர், ஐந்தாம் வகுப்பிலிருந்து என்னோடு ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தவள். ஹட்டனுக்குப் போய் வந்தவள் பாகு நிறைந்த தேன்குழல் இனிப்பு வாங்கி வந்திருந்தாள். நான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, "என்னடி, யாரு செத்தா?" என்றாள்.

"ஆறு குழாய்டி. எது எதோட சேருதுன்னே வெளங்கல."

அவள் தாளை எடுத்துப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த தேன்குழலைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தியைத் தேடினோம்.

சுருண்டு கிடக்கிற தேன்குழலை நடுவில் குறுக்காக வெட்டினால், இந்தப் பக்கம் மூன்று ஓட்டை, அந்தப் பக்கம் மூன்று ஓட்டை. குழாய் என்னவோ ஒன்றுதான்! பாகு ஒழுகியது. ஓரத்தில் வெட்டினால் நீளமாக ஒரே பள்ளம். இன்னும் ஓரத்தில் வெட்டினால் வெறும் தோல். அத்தனையும் என் பிரிண்டில் இருக்கிறது. ஒரே குழாய், நத்தை ஓடு மாதிரி சுருண்டு மேலே ஏறுகிறது. புத்தகத்தில் எத்தனை தடவை படித்தது, பிள்ளைகளுக்கு எத்தனை தடவை சொல்லிக் கொடுத்தது! 'நத்தைச்சுருள்' என்று பலகையில் எழுதியதெல்லாம் சும்மாதான். இன்றைக்குத்தான் அது எனக்குச் சுருண்டது.

வெட்டியதையெல்லாம் இரண்டு பேரும் சாப்பிட்டோம். அம்மாவுக்கு ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை. "ஆராய்ச்சியாம் ஆராய்ச்சி" என்றார்.

ஜூன் 7, சனி

காற்று. கூரைத் தகரம் ராத்திரி முழுக்கத் தாளம்.

காலை டியூஷன். பிறகு மாதிரி செய்யும் வேலை. தாளில் தட்டையாக எத்தனை பார்த்தாலும் கண்ணுக்குள் நிமிர மாட்டேன் என்கிறது. கையில் பிடித்துப் பார்த்தால்தான் வரைய முடியும்.

தேவையானவை:
— ரிஜிபோம் (டீவி பெட்டிக்குள் உடையாமல் இருக்க வைக்கிற வெள்ளை நுரைப் பலகை, கடையில் கேட்டதும் தந்தார்கள்)
— பிளேடு
— பசை
— விளக்குமாற்று ஈர்க்கு, குறிகளில் குத்தி நிறுத்த
— பொறுமை (கடையில் கிடைக்கவில்லை)

ஓரக்கோட்டின்படி ஒவ்வொரு வெட்டையும் ரிஜிபோமில் வெட்டினேன். வெள்ளைப் பொடி வீடெல்லாம். ஜன்னல் இடுக்கில் காற்று வேறு. அம்மா மலையிலிருந்து வந்து, கொழுந்துக் கூடையை இறக்கி வைத்து, முகம் கழுவி, ரொட்டி தட்ட மாவை எடுத்தால் மாவிலும் ரிஜிபோம்.

"அடியே, இதத் திண்டா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாதும்மா, அப்புடியே வெளிய வந்துரும்."

"வாய மூடு."

ஆனாலும் கை கொடுத்தார். அடுப்பில் ரொட்டி வேகிற இடைவெளியில் ஒன்று, இரண்டு என்று எண் பார்த்து எடுத்து நீட்ட, நான் பலகையில் ஒன்றின்மேல் ஒன்றாகப் பசை தடவி அடுக்கினேன். அவர் பக்கத்தில் தட்டில் ரொட்டி அடுக்கினார். இரண்டு அடுக்கும் சேர்ந்தாற்போல் உயர்ந்தன. அவருடைய அடுக்கை அப்பா குறைத்துக்கொண்டே இருந்தார்.

ஜூன் 8, ஞாயிறு

வெயில்! அரை மணி நேரம். லயத்து வரிசை வீட்டு ஆட்கள் எல்லோரும் துணியோடு வெளியே ஓடினார்கள். துணி போட்டு முடிந்ததும் பனி மூடியது.

பசை காய்ந்துவிட்டது. பலகையிலிருந்து பெயர்த்து எடுத்தேன். அரை வளையம் ஒன்று அடியில் தொங்கியது. அது மேலே அல்லவா இருக்க வேண்டும், உடம்பின் சமநிலையைப் பார்க்கிற வளையம். சரி, பலகையில் ஒட்டியதால் தலைகீழாக நிற்கிறது என்று அப்படியே கவிழ்த்து வைத்தேன். அடடா! வளையம் மேலே, நத்தைச்சுருள் பக்கத்தில், எல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறபடியே. புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அச்சு அசல். துள்ளிக் குதித்தேன். மெய்யாகவே. கீழ்வீட்டு அக்கா, "என்ன புள்ள, பூச்சியா?" என்று கேட்டார்.

தடித்த தாளில் பென்சிலால் அளவு போட்டாயிற்று. சாய்த்துப் பார்க்கிற கோணத்தில் ஒவ்வொரு வெட்டின் ஓரத்தையும் ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் கொஞ்சம் கொஞ்சம் தள்ளிப் போட்டு, வெளி ஓரங்களை வளைகோட்டால் சேர்த்து, பின்னால் மறைகிற கோடுகளை அழித்தால் உருவம் எழுந்து நிற்கிறது. இந்த அழிக்கிற வேலைதான் எனக்குப் பிடித்தது. ஒவ்வொரு கோடாகப் போகப் போகப் பொருள் கனமாகிறது.

அப்பா கதவருகே நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். "நாம்ப ரெண்டு பக்கமும் இத வச்சுக்கிட்டா நடக்குறோம்?" என்றார். ஆமாம் என்றேன். கொஞ்சம் மரியாதையாகத் தலையைத் தூக்கிக்கொண்டு போனார்.

ஜூன் 9, திங்கள்

நாள் முழுக்கப் புள்ளி. டியூஷன் பிள்ளைகளுக்கு லீவு விட்டேன் (நாளைக்கும் போயா, பௌர்ணமி லீவு, சந்தோஷமாகப் போய்விட்டார்கள்).

இருட்டான இடத்தில் நெருக்கமான புள்ளி, வெளிச்சமான இடத்தில் விலகின புள்ளி. இடப்பக்கம் மேலே வெளிச்சம். விரல் மரத்துவிட்டது. டிக், டிக், டிக். அம்மாவுக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது: "மரங்கொத்தியப் பெத்து வச்சிருக்கேன்."

சாயந்தரம் ஜெசி வந்து படத்தைக் கிட்டே போயும் தள்ளி நின்றும் பார்த்தாள். கடைசியில், "கண்டிக்குப் போனா என்னைய மறந்துராத, என்ன?" என்றாள். விளையாட்டுக்குச் சொன்னாள். எனக்குத்தான் விளையாட்டாகப் படவில்லை. நான் போய்விட்டால் அப்பாவின் இடப்பக்கம் யார் உட்காருவது? அம்மா ஒரு தடவை சொல்வார், கேட்காவிட்டால் விட்டுவிடுவார். இதையெல்லாம் இப்போது யோசிக்கக் கூடாது. முதலில் கிடைக்கட்டும்.

ஜூன் 10, செவ்வாய், போயா

காலையில் படம் முடிந்தது. சொல்லக் கூடாது, இருந்தாலும் சொல்கிறேன், இந்த டயரியை என்னைத் தவிர யார் பார்க்கப் போகிறார்கள்: அழகு. அத்தனை அழகு. நத்தைச்சுருளைத் தொட்டால் விரலில் வழுக்கும் போல. வாழ்க்கையில் நான் வரைந்ததிலேயே நல்ல படம்.

இங்கேயே நிறுத்தியிருக்கலாம் இந்த நாள்.

அம்மாவுக்கும் இன்றைக்கு லீவு. லயத்தில் நாலைந்து பேர் படம் பார்க்க வந்தார்கள். கீழ்வீட்டு அக்கா மாதிரியைக் கையில் எடுத்து, "கோயிலுக்குச் செய்ற சங்கா?" என்றார். எல்லோருக்கும் நான் விளக்கம். அப்பாவுக்கு ஒரே பெருமை. மாதிரியை வாங்கித் தன் இடது காதில் வைத்துக்கொண்டு எல்லோரையும் பார்த்துச் சிரித்தார்.

"இப்புடித்தானே உள்ளுக்க இருக்கும், ரேணு?"

"ஆமாங்கப்பா. வளையம் மேல. நத்தை மூக்குப் பக்கம் பாக்கணும். திருப்புங்க. ஆ, அப்புடி."

"இதுல 'வெளி'ன்னு எழுதி இருக்கே. அது எந்தப் பக்கம் வரணும்?"

"வெளிப்பக்கம்ப்பா. எங்களப் பாக்குற பக்கம்."

"அது என் மண்டையில குத்துது."

சிரித்தேன். திருப்பினேன். 'வெளி' வெளியே வந்தது. நத்தை பின்மண்டையைப் பார்த்தது. மறுபடி திருப்பினேன். 'வெளி'யும் சரி, நத்தையும் சரி. வளையம் கீழே போய்த் தொங்கியது. மறுபடி. மறுபடி. இரண்டு சரியென்றால் மூன்றாவது பிழை. வலது கால் செருப்பை இடது காலில் எப்படி மாட்டினாலும் உட்காராதே, அந்தக் கதை.

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அப்பாவின் வலது பக்கம் போய் வைத்துப் பார்த்தேன். வளையம் மேலே, நத்தை மூக்குப் பக்கம், 'வெளி' வெளியே. கனகச்சிதம்.

"இது கெட்ட காது, புள்ள," என்றார் அப்பா, வெகு சந்தோஷமாக.

ஆட்கள் போனதும் ஈமெயிலைத் திறந்து பார்த்தேன். கொட்டை எழுத்தில் இருக்கிறது. முதல் வெட்டு மேலே. கடைசி வெட்டு கீழே. எல்லாம் மேலிருந்து பார்த்தபடி. நான் என்ன செய்தேன்? ஒன்றை முதலில் எடுத்துப் பலகையில் வைத்து அதற்கு மேல் இரண்டு, மூன்று! ரொட்டி அடுக்குகிற மாதிரி. முதலில் சுட்டது அடியில். முதலாவது எல்லாவற்றுக்கும் மேலே இருக்க வேண்டும். கை தன் பாட்டுக்குச் செய்துவிட்டது, மூளை ரொட்டிக்குச் சம்பல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது. மேல் கீழானதால் இடது வலதாகிவிட்டது. பாடப்புத்தகத்தோடு அச்சு அசலாக இருக்கிறது என்று குதித்தேனே, பாடப்புத்தகத்தில் போட்டிருப்பது வலது காதுப் படம்! அதன் கீழே சின்ன எழுத்தில் எழுதியே இருக்கிறது. எத்தனை வருடம் இந்தப் பக்கத்தை நடத்தினேன்!

அழுதேன். நன்றாகவே. அம்மா அடுப்படியிலிருந்து எழுந்து வந்தார்.

"நான்தானே ஒண்ணு ரெண்டுன்னு எடுத்துக் குடுத்தேன். எம்மேலயும் தப்புத்தான்."

"உங்க மேல என்னம்மா தப்பு? நீங்க சரியாத்தான் குடுத்தீங்க. வாங்கி வச்ச கைதான் வெளங்காத கை."

"யாருக்குடி தெரியப்போகுது? ரெண்டும் காதுதானே."

அதுதான் பயமாக இருக்கிறது. இத்தனை அழகான படம். பார்க்கிறவர் கண்ணுக்கு முதலில் அழகுதான் தெரியும். இடதா வலதா என்று யார் வைத்துப் பார்க்கப் போகிறார்கள்? அனுப்பினால் ஒருவேளை கிடைத்தும் விடலாம். ஆனால் ஒரு பிள்ளை அதைப் பார்த்துப் படித்து, டொக்டராகி, யாராவது ஒருவரின் இடது காதுக்குள் கத்தி வைக்கும். நத்தை அங்கே இருக்காது. முடியாது சாமி, என்னால் முடியாது. மறுபடி வரைய வேண்டும். வெள்ளிக்குள் கண்டியில் இருக்க வேண்டும் என்றால் வியாழன் காலை தபாலில் போட வேண்டும். அடுக்கவே ஒரு நாள், அளவு போட ஒரு நாள், புள்ளிக்கு ஒன்றரை நாள். எனக்கு இருப்பது நாளை மட்டும்.

ஜெசிக்கு போன் போட்டேன். அழுதுகொண்டே சொன்னேன். "வாறேன், மூக்கச் சிந்திட்டு இரு" என்று வைத்துவிட்டாள்.

ஜூன் 11, புதன்

விடியும்போதே ஜெசி. ஸ்கூலுக்குப் போகும் சாரியிலேயே, குடையும் கையுமாக. ஒரு கையில் மாதிரி, ஒரு கையில் படம், இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு படத்தைச் சுவர்க் கண்ணாடிக்கு முன்னால் பிடித்தாள்.

"இங்க பாரு."

கண்ணாடிக்குள் ஒரு காது. நத்தை மறுபக்கம் திரும்பி.

"மேல் கீழாப் போனதுக்கு இவ்வளவு ஒப்பாரியா? மேல் கீழாப் போனா கண்ணாடியில பாக்குற மாதிரிதானே ஆகும். அப்ப திருப்பிக் கண்ணாடியில பாத்தா சரியாப் போச்சு. லூசு."

என் தலையில் நானே குட்டிக்கொண்டேன். பட்டம் வாங்கிய மூளை. ராத்திரி முழுக்க அழுத மூளை.

"அப்ப இத போன்ல போட்டோ எடுத்து, திருப்பி, பிரிண்ட் எடுத்து அனுப்பிருவமா?" என்றேன்.

"கையால வரைஞ்சதுதானே கேட்டிருக்காங்க? வெளிச்சம் எந்தப் பக்கம் சொன்னாங்க?"

இடப்பக்கம். திருப்பினால் வெளிச்சமும் வலப்பக்கம் போய்விடும். ஆக கோடுகளைத் திருப்பி எடுக்கலாம், நிழல் புதிதாகப் போட வேண்டும். அளவு போடுகிற வேலை மிச்சம். ஒரு நாளில் முடியும். முடித்தே ஆக வேண்டும்.

ஆனாலும் நம்பிக்கை வரவில்லை. ஞாயிறன்றும் இப்படித்தான் எல்லாம் சரி என்று துள்ளினேன். எனவே முதலில் மாதிரியைப் பிளேடால் ஒவ்வொரு அடுக்காகப் பெயர்த்தேன். பாதி உடைந்தது. இந்த முறை கடைசி வெட்டு பலகையில், முதல் வெட்டு உச்சியில். பசை போடவில்லை, ஈர்க்கு மட்டும் குத்தினேன். அப்பாவைக் கூப்பிட்டேன். இடது காது. வளையம் மேலே, நத்தை மூக்குப் பக்கம், 'வெளி' வெளியே. உட்கார்ந்தது! அப்பா அசையாமல் நின்றார், போட்டோ எடுக்கிற மாதிரி.

"குத்துதாப்பா?"

"ஈர்க்குதான் குத்துது."

படத்தைத் திருப்பி எடுக்க ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினோம். வெளியே பனி. வெளிச்சமே இல்லை, தடித்த தாளில் கோடு தெரியவில்லை. ஜெசி ஸ்கூலுக்குப் போக வேண்டும், பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். ஓடும்போதே யோசனை சொன்னாள்: அலுமாரிக் கண்ணாடித் தட்டைக் கழற்று, அடியில் போன் டோர்ச்.

கழற்றினேன். இரண்டு நாற்காலிக்கு நடுவே கண்ணாடி. அடியில் அப்பா போனைப் பிடித்துக்கொண்டு சப்பணம் கட்டி உட்கார்ந்தார். போனை எதன்மேலாவது வைக்கலாம் என்றேன். மாட்டேன் என்றுவிட்டார். நான் எந்த மூலையில் கோடு இழுக்கிறேனோ அந்த மூலைக்கு வெளிச்சத்தை நகர்த்தினார். அவர் காதுக்கு நான் மேலிருந்து கத்தினேன், "இடப்பக்கம்! அந்த இடம் இல்லப்பா, எனக்கு இடப்பக்கம்!" இந்த வீட்டில் இனி ஒரு மாதத்துக்கு இடது வலது பேச்சே கூடாது.

பிறகு புள்ளி. டிக், டிக். அம்மா வேலையிலிருந்து வந்தவர் மரங்கொத்தி பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணியை ஊற்றி, படத்துக்கு எட்டாத தூரத்தில் வைத்துவிட்டுப் போனார்.

முடிந்தது. உண்மையைச் சொன்னால், செவ்வாய்க்கிழமைப் படம் அளவுக்கு இல்லை. நத்தையின் அடிப்பக்கம் கொஞ்சம் அவசரம் தெரிகிறது. ஆனால் இது இடது காது. யார் காதில் வேண்டுமானாலும் வைத்துப் பார்க்கலாம்.

ஜூன் 12, வியாழன்

முதல் பஸ்ஸில் தலவாக்கலை. படத்தை அட்டைக் குழாய்க்குள் உருட்டி, குழாயைப் பொலித்தீனில், பொலித்தீனை என் மழைக்கோட்டுக்குள். நான் நனைந்தேன், அது நனையவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இரண்டு பேர்:

"அவன் போன் எடுக்க மாட்டேங்குறான்."

"எடுத்தா மட்டும் என்ன சொல்லப் போற?"

"எடுக்கலன்னுதான்."

தபால் போட்டாயிற்று. திரும்பி வந்து தூங்கினேன்.

ஜூன் 15, ஞாயிறு

ஒன்றும் இல்லை. அலுமாரித் தட்டை மாட்டினேன். ரிஜிபோம் இன்னும் மூலை முடுக்கிலிருந்து வருகிறது. பழைய படத்தை அப்பா கேட்டார், கொடுத்தேன். தன் கட்டில் தலைமாட்டில் ஒட்டி வைத்திருக்கிறார். யார் வந்தாலும், "இதுதான் போன காது" என்று காட்டுகிறார்.

ஜூன் 17, செவ்வாய்

ஒன்றும் இல்லை. டியூஷன். தவளை.

ஜூன் 18, புதன்

ஒன்றும் இல்லை. போனில் சிக்னல் இருக்கிறதா என்று பார்க்கத் தண்ணீர்ப் பீலிக் கரை வரை மூன்று தடவை நடந்தேன். "தண்ணிக்கா வாற, கொடத்தக் காணோமே" என்று கீழ்வீட்டு அக்கா கேட்டார்.

ஜூன் 20, வெள்ளி

வெயில், காற்று, மலையெல்லாம் பளிச்சென்று. ஒழுங்காகச் சொல்ல முடிகிறதா பார்ப்போம்.

பதினோரு மணி போல் மெடத்திடமிருந்து போன். வீட்டுக்குள் சிக்னல் விட்டு விட்டு வந்ததால் கோழிக்கூட்டுப் பக்கம் ஓடினேன். மெடத்துக்குத் தமிழ் கொஞ்சம்தான். சிங்களம் பாதி, இங்கிலிஷ் பாதியாகப் பேசினார். முதலில் குறைதான் சொன்னார்: நத்தையின் அடிப்பக்கம் புள்ளி அப்பிக் கிடக்கிறது, அவசரமா? ஆமாம் மெடம் என்றேன். பிறகு கேட்டார், இது இடது காதுதான் என்று எப்படி உறுதி செய்தீர்கள்?

பொய் சொல்லத் தோன்றவில்லை. முதலில் வலது காதாக வரைந்ததையும், அப்பாவின் காதில் வைத்துப் பார்த்ததையும் சொன்னேன். ரொட்டியைப் பற்றியும் சொன்னேன், எதற்குத்தான் சொன்னேனோ. அந்தப் பக்கம் கரகரவென்று ஒரு சத்தம். லைன் போய்விட்டது என்று நினைத்தேன். பார்த்தால் மெடம் சிரிக்கிறார்.

மற்ற இரண்டு படமும் என்னுடையதை விட நேர்த்தியாம். ஆனால் இரண்டும் வலது காதாம். பாடப்புத்தகத்தில் இருக்கிறபடியே.

ஜூலை முதலாம் தேதி வரச் சொன்னார்.

கோழிகளைத் தாண்டி ஓடி வந்தேன். அப்பா வாசலில் வெயிலில் உட்கார்ந்து சவரம் செய்துகொண்டிருந்தார். அம்மா இன்று அரைநாள், அப்போதுதான் வந்து தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் அப்பாவின் இடப்பக்கம் போய்க் குந்தினேன்.

"அப்பா, வேல கெடச்சிருச்சுங்கப்பா."

கண்ணாடியைப் பார்த்தபடியே, "என்ன?" என்றார்.

"வேல கெடச்சிருச்சு! கண்டியில!"

கையைக் காதுக்குப் பின்னால் குவித்தார். "கேக்கல புள்ள. சத்தமா சொல்லு."

சோர்ந்துபோய்விட்டேன். நல்ல காதும் போய்விட்டதா? எழுந்து நின்று, இருக்கிற மூச்சையெல்லாம் இழுத்து, "எனக்குக் கண்டியில வேல கெடச்சிருச்சுப்பா! காதுப் படத்துக்கு! என்னையத்தான் எடுத்திருக்காங்க!" என்று கத்தினேன்.

லயத்தில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. கீழ்வீட்டு அக்கா மாவுக் கையோடு வந்தார். மேல் லயத்திலிருந்தும் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். யாரோ விசிலடித்தார்கள். அப்பா அப்போதுதான் மெதுவாகத் திரும்பி, பாதி முகத்தில் சோப்பு நுரையோடு, எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "அந்த மனுசனுக்கு மொதத் தடவையே கேட்டுருச்சுடி. மூஞ்சியப் பாரு."